தேடுறவரே, ஷூ லேஸ் அவுந்திருக்கு

மார்ச் 3, செவ்வாய்

இன்னிக்கும் லிஃப்ட் ஓடல. நாலு மாடி. மாடிக்கு ஒரு தடவை நின்னு மேனேஜரைத் திட்டிட்டு ஏறினேன். மேல போனா ஆளே எதிர்ல நிக்கிறார். "என்ன பெரியவரே, இப்படி மூச்சு வாங்குது?"ன்னார். "வழியெல்லாம் உங்களையேதான் நினைச்சுக்கிட்டு வந்தேன் சார்"ன்னேன். சந்தோஷமா போயிட்டார்.

விஷயம் அது இல்ல. வீடியோ ரூம்ல பெட்டியை மாத்தப் போறாங்களாம். இந்தப் பொடி டிவி சேனல் ஆரம்பிச்சு பதினோரு வருஷமா எடுத்த நியூஸ் வீடியோ அத்தனையும் அந்த ஒரு பெட்டிக்குள்ளதான் கிடக்கு. அவங்க சர்வர்ங்கிறாங்க, எனக்கு அது பெட்டி. ஒன்பதாயிரத்துச் சொச்சம் வீடியோ. ஒவ்வொண்ணும் அரை மணி, முக்கா மணி. கேமராக்காரன் எடுத்துட்டு வந்ததை வெட்டாம அப்படியே போட்டு வச்சது. எதுக்குள்ள என்ன இருக்கு, எத்தனையாவது நிமிஷத்துல யார் மூஞ்சி வருதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுதினது யாரு? ஆறாங்கிளாஸ் தாண்டாத நான். ரெண்டே விரலால. அந்தப் பட்டியல் இல்லேன்னா இந்த ஆபீஸ்ல ஒருத்தரும் ஒரு வீடியோவையும் கண்டுபிடிக்க முடியாது. அது ஊருக்கே தெரியும், மேனேஜருக்கு மட்டும் தெரியாது.

பெட்டி மாத்த வெளியில இருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஏசி ரூம்லயே உட்கார்ற வேலை, அதனால பச்சைக் கலர்ல ஒரு ஸ்வெட்டர். நான் ஸ்வெட்டர்னே பேர் வச்சுட்டேன். நேர்லயே சொல்லிட்டேன். "வெயில் காலத்துல என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?"ன்னு கேட்டாங்க. பரவாயில்ல, வாய் இருக்கு.

அப்புறம் கேட்டாங்க: "ஐயா, உங்க பட்டியல்ல ஒரு வரிக்கு ஒரு வீடியோ, சரியா? நடுவுல சும்மா வரி எதுவும் இல்லையே?"

"சும்மா எழுதறதுக்கு எனக்கு என்ன வேலை இல்லையா? ஒண்ணுக்கு ஒண்ணு. போன ஆறு மாசத்துக்குத்தான் இன்னும் எழுதல. கண்ணை மூடிக்கிட்டு ஏத்தும்மா."

கேக்குது பார் கேள்வி.

மார்ச் 5, வியாழன்

ஒரு பொம்பளை வந்திருந்தாங்க. அம்பது வயசுக்குள்ளதான். கையில ஒரு பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள இன்னொரு கவர், அதுக்குள்ள காயிதம். ரிசப்ஷன்ல ஒரு மணி நேரம் உட்கார வச்சிருக்காங்க. நான் டீ குடிக்கப் போனவன் பார்த்துட்டு, "யாரைப் பார்க்கணும்மா?"ன்னேன்.

அவங்க வீட்டுக்காரர் ஒரு பேக்டரியில பாய்லர் வேலை. ஆறு வருஷத்துக்கு முன்ன பாய்லர் வெடிச்சுப் போயிட்டார். அந்த நியூஸ் எனக்கு ஞாபகம் இருக்கு. கேஸ் இன்னும் ஓடுது. கம்பெனிக்காரன் என்ன சொல்றான் தெரியுமா — அவர் எங்க ஆளே இல்ல, அனுமதி இல்லாம உள்ள நுழைஞ்ச வெளி ஆள், இரும்பு திருட வந்திருக்கலாம்னு எழுதிக் குடுத்திருக்கான். வருகைப் பதிவு நோட்டு தண்ணியில நனைஞ்சு போச்சாம். நனையும், நனையும்.

"வெடிக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி உங்க டிவியில பேசினாருங்க. குடிக்கத் தண்ணி கேட்டு கேட் முன்னாடி எல்லாரும் நின்னாங்களே, அன்னிக்கு. கம்பெனி சட்டையிலதான் நின்னார். ஆறு வருஷமா இங்க பாய்லர்ல நிக்கிறேன்னு அவர் வாயாலயே சொன்னார். நான் அடுப்படியில இருந்து ஓடி வந்து பார்த்தேன். அது கிடைக்குமா?"

24-ம் தேதி விசாரணை. அன்னிக்குள்ள வேணும். வக்கீல், இதுக்கு மேல தேதி குடுக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டாராம்.

கிடைக்கும்மா, நான் வரி எழுதி வச்சிருக்கேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு உள்ள போனா, ஸ்வெட்டர் கையைத் தடுக்கறாங்க. வீடியோ எல்லாம் பெட்டி மாறிக்கிட்டு இருக்கு, திங்கள் வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாதாம். சரி, நாலு நாள்தானே. திங்கள் வாங்கன்னு அனுப்பினேன்.

மார்ச் 9, திங்கள்

ரெண்டு தடவை பேனாவைத் தூக்கிப் போட்டுட்டு எடுத்தேன். கோவத்துல.

காலையில அந்தம்மா வந்துட்டாங்க. மகளையும் கூட்டிட்டு வந்திருந்தாங்க, வேலைக்குப் போற பொண்ணு, லீவு போட்டுட்டு வந்திருக்கு. என் நாற்காலியில அந்தம்மாவை உட்கார வச்சு, புதுப் பெட்டியில என் வரியைத் தேடினேன். வந்துச்சு. எழுத்து மாறாம அப்படியே. தட்டினேன்.

நீச்சல் குளம் திறப்பு விழா.

ஒரு தொந்திக்காரர் ரிப்பனை வெட்டிட்டு வேட்டியோட தண்ணியில குதிக்கிறார். எல்லாரும் கைதட்டறாங்க. செத்துப்போன புருஷன் வருவார்னு ரெண்டு பேரும் திரைக்குப் பக்கத்துல மூஞ்சியைக் கொண்டு போய் வச்சிருக்காங்க, தொந்திக்காரர் தண்ணியைத் துப்பறார். அந்தப் பொண்ணுதான் முதல்ல நிமிர்ந்துச்சு. "அம்மா, இது இல்லம்மா"ன்னுச்சு, குழந்தைக்குச் சொல்ற மாதிரி.

அதுக்கு மேல ஒண்ணு. திரையில என் வரி பெருசா நிக்குது. "பேக்டரி கேட், தண்ணி கேட்டு ஆளுங்க. 14-வது நிமிஷம் மீசை. ரொம்பப் பேசுறான்." நான் அப்படித்தான் எழுதுவேன், எல்லாரையும். அவங்க அதைப் படிச்சாங்க. படிச்சது எனக்குத் தெரியும்.

அவங்களை அனுப்பிட்டு இன்னும் பத்து வரியைத் தட்டிப் பார்த்தேன். மந்திரி பேச்சுன்னு போட்டா நாய்க் கண்காட்சி. நாய்க் கண்காட்சின்னு போட்டா பள்ளிக்கூட ஆண்டு விழா. அதுகூட பாதி சரி. ஆனா அந்தம்மாவுக்கு?

ஸ்வெட்டரைக் கூப்பிட்டுக் கத்தினேன். நாலு பேர் முன்னாடிதான் கத்தினேன். "கல்யாணப் பொண்ணை மாத்தி உட்கார வச்ச மாதிரி பண்ணி வச்சிருக்கியேம்மா"ன்னேன்.

"ஐயா, வீடியோ ஒண்ணுகூடத் தொலையல. எண்ணிட்டேன். வரி ஒண்ணுகூடத் தொலையல. அதையும் பார்த்துட்டேன்."

எண்ணினாங்களாம். செருப்புக்கடையில செருப்பு எல்லாம் இருக்கு, ஜோடிதான் இல்லன்னு சொன்னா வியாபாரம் ஆகுமா?

மார்ச் 10, செவ்வாய்

பழைய பெட்டியிலயே போய்ப் பார்த்துடலாம்னு போனேன். காலி. சனிக்கிழமையே மேனேஜர் அழிக்கச் சொல்லி, துடைச்சு, கிளை ஆபீசுக்கு அனுப்பி வச்சுட்டார். புதுசு சரியா இருக்கான்னு பார்க்கறதுக்கு முன்னாடியே. "இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு பெரியவரே"ங்கிறார். அவரோட மேஜை அதைவிடப் பெருசா இடத்தை அடைக்குது, அதை அனுப்பினாரா?

நீச்சல் குளத்துக்கு முன்னாடி அஞ்சு வீடியோ, பின்னாடி அஞ்சு வீடியோ ஓட்டிப் பார்த்தேன். பூரா நாளும் போச்சு. மீசை இல்ல. புதுப் பெட்டி எல்லா வீடியோவுக்கும் போன வாரத் தேதியைப் போட்டு வச்சிருக்கு, பதினோரு வருஷமும் ஒரே நாள்ல நடந்த மாதிரி. ஒன்பதாயிரத்தையும் உட்கார்ந்து பார்க்கணும்னா நான் இன்னொரு தடவை பொறந்து வரணும்.

மார்ச் 11, புதன்

மனு எழுதியாச்சு. நான் சொல்லச் சொல்ல வீட்டுக்காரி எழுதினா. அவ பத்தாங்கிளாஸ், அதை மாசம் ஒரு தடவையாவது சொல்லிடுவா.

"எழுது. மேற்படி சர்வர் பெண்மணிக்கு இந்த வேலை தெரியாது. பதினோரு வருஷத்து உழைப்பைக் கலக்கி ஊத்திவிட்டார். உடனடியா அவரை அனுப்பிவிட்டு..."

"அந்தப் பொம்பளை என்ன தப்பு பண்ணுச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தப்பா இருக்குல்ல, அது போதும்."

"பழைய பெட்டியை அழிச்சது அவளா?"

"அது மேனேஜர்."

"அதையும் எழுதறேன்."

"எழுதிக்கோ, யாரு வேண்டாம்னது."

கையெழுத்து நான் போட்டேன். தலைமை ஆபீசுக்கே அனுப்பியாச்சு.

மார்ச் 12, வியாழன்

லிஃப்ட் ஓடுது. எனக்குச் சந்தோஷமே வரல.

மார்ச் 13, வெள்ளி

அந்தம்மா போன் பண்ணினாங்க. கிடைச்சுதாங்கன்னு கேக்கல. "சாப்டீங்களா ஐயா?"ன்னு ஆரம்பிச்சாங்க.

மகள் ஏதோ பரீட்சைக்கு அப்ளிகேஷன் போடுதாம். அப்பா தொழில்னு ஒரு கட்டம் இருக்காம். பாய்லர் தொழிலாளின்னு எழுதவா, எழுதினா கம்பெனிக்காரன் சொன்னதுக்கு நேர்மாறா இருக்கே, பொய்யின்னு யாராவது கேட்டா என்ன பண்றதுன்னு பேனாவை வச்சுட்டு உட்கார்ந்திருக்காம்.

யோவ், உன் பாய்லர்ல வெந்து செத்த மனுஷன்யா அவன். திருடன் பாய்லருக்குள்ளயா போய் இரும்பு திருடுவான், அது கொதிச்சுக்கிட்டு இருக்கறப்போ? இதை எழுதினவன் வீட்டுல சோறு வேகுதா, எனக்கு அது தெரிஞ்சாகணும்.

திங்கள் முதல் நாளைக்கு இருபது வீடியோன்னு ஓட்டிப் பார்க்கப் போறேன். 24-க்குள்ள எவ்வளவு தூரம் வரும்? கணக்குப் போட வேண்டாம்.

மார்ச் 16, திங்கள்

இருபது ஆகல. பதினொண்ணு.

மத்தியானம் ஸ்வெட்டர் என் பக்கத்துல வந்து டப்பாவைத் திறந்து உட்கார்ந்தாங்க. நான் திரும்பிக்கிட்டேன். "உங்க மனு என் கைக்கும் வந்துச்சு ஐயா. பதில் எழுதச் சொல்லிக் குடுத்தாங்க. கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

"அது என் சம்சாரம்."

"அதான் பார்த்தேன்."

திட்டியிருந்தா நானும் நாலு குடுத்திருப்பேன். ஊறுகாய் வேணுமான்னு கேக்கறாங்க. என்ன ஜென்மமோ. வாங்கிக்கிட்டேன், ஊறுகாய் மேல எனக்கு என்ன கோவம்?

மார்ச் 17, செவ்வாய்

இதை எழுதலாமா வேண்டாமான்னு மேஜை முன்னாடி அரை மணி நேரமா உட்கார்ந்திருக்கேன்.

ஸ்வெட்டர் ஒரு வேலை பண்ணியிருக்காங்க. பட்டியலை முதல் வரியில இருந்து ஒவ்வொண்ணா வீடியோவோட ஒத்துப் பார்த்துக்கிட்டே வந்திருக்காங்க. மூணு நாளா. என்னைக் கூப்பிட்டாங்க.

"ஐயா, பழைய பெட்டியில ஒவ்வொரு வரிக்கும் வீடியோவுக்கும் அதுவே முடிச்சுப் போட்டு வச்சிருந்துச்சு. அந்த முடிச்சு புதுசுக்குப் புரியாது. அதனால நான் வரிசைப்படி ஏத்தினேன். முதல் வரிக்கு முதல் வீடியோ, ரெண்டாவதுக்கு ரெண்டாவது. நீங்க ஒண்ணுக்கு ஒண்ணுன்னு சொன்னீங்கல்ல. 211 வரைக்கும் அப்படியே கச்சிதமா இருக்கு. 212-ல இருந்து ஒவ்வொண்ணும் ஒண்ணு தள்ளிப் போகுது. அந்த 212 என்ன வீடியோங்கய்யா? நான் படிக்கிறேன்."

படிச்சாங்க. "தேடுறவரே, கீழ குனிஞ்சு பாருங்க. ஷூ லேஸ் அவுந்திருக்கு."

எனக்குக் காது ரெண்டும் சூடாயிடுச்சு.

அந்தக் காலத்துல ஒரு எடிட்டர் இருந்தார். எப்பப் பார்த்தாலும் அவசரம், அவசரம்னு பறப்பார். அவசரம்னே பேர் வச்சிருந்தேன். அவரைச் சீண்டறதுக்காக பட்டியல் நடுவுல நான் சும்மா எழுதி வச்சது. வீடியோவே கிடையாது. வெறும் வரி. அவர் தேடிக்கிட்டே வந்து, அதைப் படிச்சு, நெஜமாவே குனிஞ்சு பார்த்தார். ஆபீஸ் பூரா சிரிச்சுது. அந்த ருசியில அப்பப்போ இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு எழுதினேன். பழைய பெட்டி அதுபாட்டுக்கு, வீடியோ இல்லன்னு காட்டிட்டு சும்மா இருந்துடும். அவசரம் வேலையை விட்டுப் போனதும் எனக்கும் மறந்துபோச்சு. சத்தியமா மறந்துதான் போச்சு.

புதுசு அப்படி இல்ல. வரின்னு ஒண்ணு இருந்தா அடுத்து நிக்கிற வீடியோவை இழுத்து அதோட தலையில கட்டிடுது. நான் ஒரு ஜோக்குக்கு ஒரு இடம் தள்ளிவிட்டிருக்கேன். எத்தனை ஜோக்கோ அத்தனை இடம்.

அப்போ கலக்கி ஊத்தினது யாரு?

"என்ன வீடியோங்கய்யா இது?"ன்னு மறுபடி கேக்கறாங்க.

என் வாய் என்ன சொல்லுச்சுன்னா — "அது ஒரு செருப்பு விளம்பரம்."

மார்ச் 18, புதன்

காலையில இருந்து ஸ்வெட்டர் செருப்பு விளம்பரத்தைத் தேடறாங்க. ஒரு வீடியோ தொலைஞ்சதாலதான் எல்லாம் ஒண்ணு தள்ளிப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு. கிளை ஆபீசுக்கு போன் பண்ணி, துடைச்ச பெட்டியில ஏதாவது மிச்சம் இருக்கான்னு கெஞ்சறாங்க. நான் எதிர்ல உட்கார்ந்து என் பதினொண்ணை ஓட்டறேன். ஒண்ணும் கண்ணுல படல.

மேனேஜர் வந்தார். "ஆக, ஒரு வீடியோ தொலைஞ்சது உண்மைதான். பெரியவர் சொன்னது சரியாப் போச்சு. வெள்ளிக்கிழமையோட நீங்க கிளம்பலாம்மா"ன்னார். என் தோள்ல ஒரு தட்டு வேற தட்டினார், ஏதோ மெடல் குத்தற மாதிரி. ஸ்வெட்டர் திரையை மூடினாங்க. கையை ஸ்வெட்டருக்குள்ள இழுத்துக்கிட்டாங்க.

நான் என் வீடியோ பக்கம் திரும்பிக்கிட்டேன். ஆபீஸ்ல எல்லார் வாயையும் கிண்டறவன் நான்.

சாயங்காலம் வீட்டுல சொன்னேன். வீட்டுக்காரி துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. முழுசும் கேட்டா. சிரிப்பான்னு நினைச்சேன். சிரிக்கல.

"செருப்பு விளம்பரமா?"

"வாயில வந்துடுச்சு."

"அந்த மனுசன் ஆறு வருஷமா வேலை பார்த்துட்டுப் போயிருக்கார். எங்க ஆள் இல்லன்னு ஒருத்தன் வாயில வந்ததை எழுதிட்டான். அவனை வாரம் பூரா இந்த வீட்டுல உட்கார்ந்து திட்டினீங்க. என் காது வலிக்கத் திட்டினீங்க."

"நானும் அவனும் ஒண்ணா?"

"எனக்கென்ன தெரியும். நான் பத்தாங்கிளாஸ்தானே"ன்னுட்டு மடிச்ச துணியை எடுத்துட்டு உள்ள போயிட்டா.

நியாயமா இது? நாப்பது வருஷம் கூட இருந்தவ, ஒரு வார்த்தை எனக்காகப் பேசக்கூடாதா? கோவம் கோவமா வருது. யார் மேலன்னுதான் தெரியல. தெரியலயாமே. தெரியும்டா உனக்கு.

மார்ச் 19, வியாழன்

காலையில எட்டு மணிக்கே போய்ட்டேன். ஸ்வெட்டர் வர்ற வரைக்கும் ஏசி ரூம் வாசல்ல நின்னேன்.

"செருப்பு விளம்பரம் கிடைச்சுதாம்மா?"

"இன்னும் இல்லைங்கய்யா."

"கிடைக்காது. அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது."

சொல்லி முடிச்சேன். அவசரம், ஷூ லேஸ், எல்லாம். அவங்க என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கத்துவாங்கன்னு காத்திருந்தேன்.

"நேத்து பூரா தேடினேன்"ன்னாங்க. சின்னக் குரல்ல. அவ்வளவுதான். அதுக்கு அவங்க கத்தியே இருக்கலாம்.

அப்புறம் ஒரு தடவை மூச்சு விட்டு, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, "இந்த மாதிரி எத்தனை எழுதினீங்க?"

"யாருக்கும்மா ஞாபகம்?"

"எண்ணிக்கையிலயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஆனா போன ஆறு மாசத்து வீடியோவுக்கு நீங்க இன்னும் வரி எழுதலைன்னு சொன்னீங்க. அதனால வரி குறைச்சலாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். எல்லாத்துலயும் பொதுவா ஏதாவது வார்த்தை வருமா?"

வரும். எல்லாமே "தேடுறவரே"ன்னுதான் ஆரம்பிக்கும். அவசரத்தை அப்படித்தான் கூப்பிடுவேன். அந்த ஒரு வார்த்தையைப் போட்டுத் தேடினாங்க.

நாப்பத்திமூணு.

வரிசையா வந்து நின்னுச்சு, அத்தனையும் என் யோக்கியதை. "தேடுறவரே, மாமியார் ரிசப்ஷன்ல நிக்கிறாங்க." "தேடுறவரே, இங்க ஒண்ணும் இல்ல, வேலையைப் பாருங்க." "தேடுறவரே, நீங்க தேடறது போன வரியிலயே இருந்துச்சு." ஸ்வெட்டர் ஒவ்வொண்ணா படிச்சாங்க. மாமியார் வந்ததும் வாயைப் பொத்திக்கிட்டாங்க. நான் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அங்க இருந்து நேரா மேனேஜர் ரூம். மனு தப்பு, நான்தான் காரணம்னு சொன்னேன். அவர் நாற்காலியில சாய்ஞ்சார். "தலைமை ஆபீசுக்குப் போன மனுவை எப்படி பெரியவரே திருப்பறது? அவங்களுக்கு நாளைக்குக் கடைசி நாள், அவ்வளவுதான்."

"அப்போ உண்மையை எழுதி இன்னொரு மனு போடறேன். இந்தத் தடவை அந்தப் பெட்டி அழிச்ச விஷயம் தனிப் பக்கமா வரும். சம்சாரம் எழுதுவா. கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு பேர் வாங்கினவ."

அவர் சாய்ஞ்சது நிமிர்ந்துச்சு. பெட்டியைப் பத்தி விளக்கம் கேட்டு அவருக்குக் காலையிலயே ஒரு கடுதாசி வந்திருக்கு, மேஜை மேலயே கிடந்துச்சு. வீட்டுக்காரி போன மனுவுல சேர்த்த அந்த ரெண்டு வரிக்குத்தான். நான் வேண்டா வெறுப்பா சரின்னு சொன்ன ரெண்டு வரி.

"அவங்க இருந்து வேலையை முடிச்சுட்டே போகட்டும்"ன்னார்.

"உங்க பெரிய மனசு சார்"ன்னேன். அதுக்கும் சந்தோஷப்பட்டார். அந்த ஆளை நம்பவே முடியல.

மார்ச் 20, வெள்ளி

அந்தம்மாவும் மகளும் வந்தாங்க. நான் என் நாற்காலியைக் குடுத்துட்டு நின்னுக்கிட்டேன். முதல்ல, தப்பு என்னோடதுன்னு சொன்னேன். ஜோக் எழுதினதைச் சொன்னேன். பதினஞ்சு நாளா உங்க உயிரை எடுத்தது நான்தான்னு சொன்னேன். அந்தப் பொண்ணு என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. பார்க்கட்டும்.

மீசை வரிக்கு முன்னாடி எத்தனை ஜோக்குன்னு ஸ்வெட்டர் எண்ணினாங்க. முப்பத்தொண்ணு. "நீச்சல் குளத்துக்கு முப்பத்தொண்ணு முன்னாடி"ன்னாங்க. அஞ்சு போய்ட்டு விட்டுட்டேனே அன்னிக்கு.

14-வது நிமிஷம்.

கேட் வந்துச்சு. காலிக் குடம் வரிசை. அப்புறம் மீசை. கம்பெனி சட்டை, பையில கம்பெனி முத்திரை. மைக்கை அவரே இழுத்துக்கிட்டார். "ஆறு வருஷமா பாய்லர்ல நிக்கிறேங்க. பாய்லருக்கு வேளாவேளைக்குத் தண்ணி குடுத்துடறாங்க, எங்களுக்குத்தான் இல்ல. நாங்களும் பாய்லராப் பொறந்திருக்கணும்." பின்னால நிக்கிறவங்க சிரிக்கிறாங்க. மைக் பிடிக்கிறவன் அடுத்த ஆள்கிட்ட போகப் பார்க்கறான், இவர் விடல. இன்னும் பேசறார். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லைங்கிற வரைக்கும் பேசறார்.

அந்தம்மா திரையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கண்ணைத் துடைக்கல. முடிஞ்சதும் மறுபடி போடச் சொன்னாங்க. மூணாவது தடவை சத்தமே இல்லாம போடச் சொன்னாங்க.

"அம்மா, அந்த வரியில நான் எழுதினது... இன்னிக்கே மாத்திடறேன். மரியாதையா எழுதிடறேன்"ன்னேன்.

"எதை? ரொம்பப் பேசுறான்ங்கிறதையா?"

"ஆமா."

"ரொம்பத்தான் பேசுவார். வீட்டுல ஒரு ஆள் வாயைத் திறக்க முடியாது. அப்படியே இருக்கட்டுங்க."

மகள் அப்பவும் என்னைப் பார்க்கல. போறப்போ மட்டும், "மத்த நாப்பத்திரெண்டும் என்னன்னு எழுதினீங்க?"ன்னு கேட்டுச்சு. மாமியார் ஒண்ணைச் சொன்னேன். சிரிக்கல. ஆனா படியிறங்கறப்போ அம்மாகிட்ட அதைச் சொல்லிக்கிட்டே போச்சு, எனக்குக் கேட்டுச்சு.

மார்ச் 24, செவ்வாய்

போன்ல சொன்னாங்க. விசாரிச்சவர் ரெண்டு தடவை போட்டுப் பார்த்தாராம். கம்பெனி வக்கீலைப் பார்த்து, "திருட வந்தவர் தண்ணியும் கேட்டாரா?"ன்னாராம். அந்த ஆள் ஃபைலைப் புரட்டினாராம், புரட்டிக்கிட்டே இருந்தாராம். தீர்ப்பு தள்ளி வச்சிருக்காங்க.

புரட்டு, நல்லாப் புரட்டு. நனைஞ்ச நோட்டு அங்கதான் எங்கயாவது காயும்.

ஏப்ரல் 2, வியாழன்

பட்டியல் பூரா சரியாயிடுச்சு. மந்திரி மந்திரியாவும் நாய் நாயாவும் வர்றாங்க. ஸ்வெட்டருக்கு இன்னிக்குக் கடைசி நாள், வேலை முடிஞ்சு போறாங்க. என் நாப்பத்திமூணையும் அழிச்சிருப்பாங்கன்னு நினைச்சு, கேக்க வாய் வராம இருந்தேன்.

அழிக்கல. ஒவ்வொரு ஜோக்குக்கும் ஒரு செகண்ட் கருப்பு வீடியோ செஞ்சு ஜோடி சேர்த்துட்டாங்க. "இப்போ ஒண்ணுக்கு ஒண்ணு, ஐயா. அடுத்து பெட்டி மாத்த வர்றவங்களுக்குத் தொல்லை இல்ல."

அவங்க போனதுக்கு அப்புறம் "தேடுறவரே"ன்னு போட்டுப் பார்த்தேன். நாப்பத்திநாலு.

கடைசி ஒண்ணு என்னோடது இல்ல. "தேடுறவரே, செருப்பு விளம்பரம் இன்னும் கிடைக்கல. ஊறுகாய் உங்க டிராயர்ல இருக்கு."

இருந்துச்சு. முழு பாட்டில்.

ஜூலை 14, செவ்வாய்

லிஃப்ட் மறுபடி ஓடல. ஏறினேன்.

கேமராக்காரன் கோர்ட்டுல இருந்து வந்து வீடியோவைக் குடுத்தான். பாய்லர்காரர் கம்பெனி ஆளேதான்னு தீர்ப்பாம். "வழக்கம்போல ஏதாவது வம்பா எழுதி வையுங்க பெரியவரே"ன்னான். உட்கார்ந்து முழுசும் பார்த்தேன். ரெண்டு தடவை அழிச்சு அழிச்சு எழுதினேன். கடைசியில இவ்வளவுதான் போட்டேன்:

"கோர்ட் வாசல், தீர்ப்பு முடிஞ்சு. 6-வது நிமிஷம் பாய்லர் தொழிலாளியோட சம்சாரமும் மகளும். மைக் நீட்டறாங்க. ரொம்பப் பேசல."